கூரைக்கு அடியில் வெள்ளித்தாள்

சித்திரை பிறப்பதற்கு முன்பே பவானிக் கரையில் வெயில் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சத்தியமங்கலம் வட்டாரத்து நெசவாளர் குடியிருப்புகளில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்து, மாலை நான்கு மணிக்குப் பிறகே மீண்டும் எழுவதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். தகரமோ சிமெண்ட் அட்டையோ வேய்ந்த தறிக் கொட்டகையில் அந்த நான்கு மணி நேரம் உட்கார முடியாது. வியர்த்த கை பட்டுப் பாவில் படலாகாது. வறண்ட காற்றில் இழை உலர்ந்து அறுகிறது. தறிக் குழிக்குள் கால் குளிர்ந்திருக்க, உச்சந்தலை மட்டும் அடுப்புக்கு எதிரே காட்டியதுபோல் காய்கிறது. நெய்ததற்கே கூலி என்றிருக்கும் தொழிலில், தறி ஓய்ந்த நேரத்துக்குக் கூலி இல்லை என்பதை நாம் சொல்லி அங்கத்தினர்கள் அறிய வேண்டியதில்லை.

ஆகவே, கூரையின் அடியில் விரித்துக் கட்டும் அலுமினியத் தாளை மொத்தமாக வாங்கி, அங்கத்தினர்களுக்குத் தவணையில் கொடுத்து, கூலியில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு நெசவாளர் சங்கம் தீர்மானம் எழுதி நம்மிடம் அனுப்பியபோது, அதன் நியாயத்தில் நமக்கு ஐயம் எழவில்லை. கடைக்காரர் 'ஃபாயில்' என்று சொல்லும் இத்தாளை நம் மக்கள் 'வெள்ளித்தாள்' என்று அழைக்கிறார்கள். இரு பக்கமும் பளபளப்பும் நடுவில் காற்றுக் குமிழ் கொண்ட பிளாஸ்டிக்கும் அமைந்த வகையே இங்கு மிகுதியாக விலைபோகிறது. ஐயம் எழுந்தது பிறகுதான். அதற்குக் காரணம், இதற்கு முன் வேறொரு சங்கத்தில் இதே பொருளை நாம் பார்வையிட்டுத் திருப்தி என்று எழுதிக் கொடுத்திருந்தோம் என்பது. அந்தத் திருப்தி எவ்வாறு பிறந்தது என்பதைக் கீழே மறைக்காமல் சொல்வோம். அதற்கு முன், தாள் செய்யும் வேலை இன்னதென்று தெரிந்துகொள்வது நல்லது.

வெப்பம் மூன்று வழியாக நடக்கிறது. காய்ந்த கரண்டியின் காம்பு சுடுவது ஒரு வழி. சுடுகாற்று மேலே எழுவது இன்னொரு வழி. அடுப்புக்குப் பக்கவாட்டில் நின்றாலும் முகத்தில் அனல் அடிக்கிறதே, அது மூன்றாவது வழி. இந்த மூன்றாவதைக் கதிர்வீச்சு என்பர். தகரக் கூரையிலிருந்து நெசவாளரின் தலைக்கு இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு இவ்வழியேதான் வருகிறது. சுடுகாற்று கீழ்நோக்கி வராது. கூரையை ஒட்டியே தங்கிவிடும். அனல் மட்டும் நேரே இறங்கும்.

பளபளக்கும் உலோகம் இந்த அனலை மிகக் குறைவாகவே உமிழ்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1804-ல் ஜான் லெஸ்லி என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், ஒரு பக்கம் கரி பூசியும் ஒரு பக்கம் மெருகேற்றியும் இருந்த உலோகப் பெட்டியில் வெந்நீர் ஊற்றி, கரிப் பக்கம் அனலை வாரி வீசுவதையும் மெருகுப் பக்கம் கஞ்சத்தனம் காட்டுவதையும் மெய்ப்பித்தார். 1892-ல் ஜேம்ஸ் டியூவர் செய்த பிளாஸ்க்கின் கண்ணாடிச் சுவர்களுக்கு வெள்ளிப் பூச்சு இட்டதும் இதற்காகவே. புளி போட்டு விளக்கிய பித்தளைக் குடத்திலும் அடிப்புறமெல்லாம் கரி ஏறிய குடத்திலும் ஒரே அளவு வெந்நீர் ஊற்றி வைத்தால், எது விரைவில் ஆறுகிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே தாள் பொய்யன்று. அது எவ்வளவு மெய் என்பதே கேள்வி.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். தறி அறை இருபது சதுர மீட்டர். சித்திரை உச்சியில் தகரத்தின் அடிப்புறம் 60 டிகிரி செல்சியஸ். கீழே தரையும் தறியும் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெஃபான் 1879-ல் கண்ட விதிப்படி, துருவேறிய அல்லது வண்ணம் பூசிய கூரையிலிருந்து கதிர்வீச்சாக மட்டும் இறங்குவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 வாட். அறை முழுவதற்கும் 3,000 வாட். துணி தேய்க்கும் ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றை முழுச் சூட்டில் தலைக்குமேல் தொங்கவிட்டதற்கு இது சமம். கூரையின் அடிப்புறம் புதிய அலுமினியத் தாளாக இருந்து, அதுவும் அதே 60 டிகிரிச் சூட்டில் இருப்பதாகவே கொண்டாலும், இந்த 3,000 வாட் 200 வாட்டுக்கும் கீழே வந்துவிடும். விற்பவர் சொல்லும் '97 சதவீதம்' இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான்.

இனி அதே தாளின்மேல் ஓராண்டுப் புகையும் எண்ணெய்ப் பசையும் பஞ்சுத் தூசும் படிந்து மெருகு மங்கியதாகக் கொள்வோம். புதிய தாள் உமிழக்கூடிய அனல், அதே சூட்டில் ஒரு கரும்பரப்பு உமிழ்வதில் நூற்றுக்கு ஐந்து பங்கு. மங்கிய தாளுக்கு அது நூற்றுக்கு முப்பது என்று வைத்தால், அறைக்குள் இறங்குவது 1,000 வாட்டைத் தாண்டிவிடும். அணைத்த மூன்று இஸ்திரிப் பெட்டிகளில் ஒன்று மீண்டும் எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். இதற்கும் மேல், தாளைத் தொட்டுச் சூடாகும் காற்று இருக்கிறது. சுவர் வழி வரும் வெப்பம் இருக்கிறது. வாசல் வழி நுழையும் 38 டிகிரிக் காற்று இருக்கிறது. இவை எவற்றின்மீதும் தாளுக்கு அதிகாரம் இல்லை. எனவே 97 என்பது பரப்பின் குணமே தவிர, அறையின் பலன் அன்று. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதும் சேலை எவ்வளவு நாள் உழைக்கும் என்பதும் வெவ்வேறு கேள்விகள் அல்லவா?

'விண்வெளிக் கலங்களில் பயன்படுவது' என்ற விளம்பரத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அது உண்மைதான். ஆனால் விண்வெளியில் காற்று இல்லை; அங்கே வெப்பம் நடக்கக் கதிர்வீச்சைத் தவிர வேறு வழியே கிடையாது. ஒரே வாசல் உள்ள வீட்டுக்கு ஒரு பூட்டுப் போதும். நம் கொட்டகைக்கு வாசல்கள் பல.

இப்போது நம் பிழைக்கு வருவோம். முன் சொன்ன வேறொரு சங்கத்தில் தாள் கட்டிய கொட்டகைக்குள் நம்மை அழைத்துச் சென்றார்கள். கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கி வடிவ வெப்பமானி ஒன்றை வியாபாரி கையில் வைத்திருந்தார். தாள் இல்லாத பக்கத்துக் கூரையைக் காட்டினார்: 58 டிகிரி. தாளைக் காட்டினார்: 37 டிகிரி. இருபத்தொரு டிகிரி குறைவு! நம் கண்ணாலேயே பார்த்தோம், கைப்படக் குறித்துக்கொண்டோம், கையெழுத்தும் இட்டோம்.

அந்தக் கருவி தொடாமலே அளக்கிறது. எப்படி? எதிரே உள்ள பரப்பு வீசும் அனலைக் கொண்டுதான். அனலை வீசாமல் இருப்பதும், தன்மேல் விழுந்த அனலைத் திருப்பி அனுப்புவதுமே பளபளப்புத் தாளின் குணம். ஆகவே கருவிக்குத் தெரிந்தது தாளின் சூடு அன்று. தாளில் பிரதிபலித்த தரையின் சூடு. கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்துக் கண்ணாடிக்கு மூக்கு இருக்கிறது என்று எழுதியதுபோல் நாம் எழுதிவிட்டோம். பல மாதங்களுக்குப் பின், ஓர் ஐயத்தில் அதே இடத்துக்குச் சென்று, மின்வேலைக்காரர் பயன்படுத்தும் கறுப்பு ஒட்டுநாடாவில் ஒரு துண்டைத் தாளின்மேல் ஒட்டி, சிறிது நேரம் கழித்து அந்தக் கறுப்பின்மேல் கருவியைக் காட்டினோம். 51 டிகிரி. வியாபாரி நம்மை ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல மாட்டோம். அவரும் அந்த எண்ணை நம்பியே விற்றிருக்கலாம். ஆனால் சங்கத்தின் பணத்துக்குப் பொறுப்பானவர் நம்பியிருக்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கையும் கடைகளில் நடக்கிறது. சூடேறும் விளக்கு ஒன்றை எரியவிட்டு, அதற்கும் நம் கைக்கும் நடுவே தாளைப் பிடிக்கிறார்கள். கை சட்டென்று குளிர்கிறது. விளக்கிலிருந்து கைக்கு வருவது அநேகமாக முழுவதும் கதிர்வீச்சு, தாளும் புதியது, நேரமும் அரை நிமிடம். ஒரு சாதாரணத் தகரத் துண்டை நடுவே பிடித்தாலும் அந்த அரை நிமிடத்தில் கை குளிரத்தான் செய்யும்.

வெளிநாடுகளிலும் இந்த வழக்கு நடந்தே வந்திருக்கிறது. பிரிட்டனில் 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில், பல அடுக்குத் தாளைச் சேர்த்துத் தைத்த மெல்லிய விரிப்பு, 200 மில்லிமீட்டர் கனமுள்ள கனிமக் கம்பளிக்குச் சமம் என்று விற்கப்பட்டது. ஆய்வுக்கூடத்துச் சூட்டுப்பெட்டியில் அளந்தபோது அந்த உரிமை நிற்கவில்லை. விற்றவர்கள் சான்றாகக் காட்டியது இரண்டு கூரைகளை வெளியில் வைத்து ஒப்பிட்ட சோதனையை. அத்தகைய சோதனையில், ஒரு கூரையில் காற்றுக் கசிவு குறைவாகவும் மற்றதில் அதிகமாகவும் இருந்தால், கசிவின் பலன் தாளின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடும். அமெரிக்காவில் 1980 முதல், வெப்பத்தடைப் பொருள்களின் தடை எண்ணை விதிப்படி சோதித்தே வெளியிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தாளுக்கென்று தனியாகத் தடை எண் கிடையாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தாளும் அதை அடுத்த காற்றிடைவெளியும் வெப்பம் நடக்கும் திசையும் சேர்ந்தே அந்த எண் பிறக்கிறது. இடைவெளி எவ்வளவு, திசை எது என்று சொல்லாத தடை எண், பாவு நீளம் சொல்லாமல் எடை மட்டும் சொன்ன பட்டியல் போன்றது.

அப்படியானால் நாம் அளப்பது எப்படி? ஒரே வரிசையில், ஒரே திசை நோக்கி, ஒரே வகைக் கூரையுடைய இரண்டு தறிக் கொட்டகைகளைத் தேர்ந்துகொள்க. தாள் கட்டுவதற்கு முன்பே எட்டு நாள், பிற்பகல் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும், இரு இடத்திலும் வெப்பநிலை குறிக்கப்பட வேண்டும். இதை எவரும் செய்வதில்லை. தாள் கட்டிய பிறகே அளக்கத் தொடங்குகிறார்கள். இரண்டு கொட்டகைக்கும் இயல்பாகவே ஒன்றிரண்டு டிகிரி வேறுபாடு இருக்கும். ஒன்றின் மேற்கே வேப்பமரம் நிற்கும், இன்னொன்றின் பின்னே அடுப்பு எரியும். அந்த இயல்பான வேறுபாட்டை முதலில் அறிந்தால்தான், ஒன்றில் தாள் கட்டிய பின் எட்டு நாளில் தெரியும் வேறுபாட்டிலிருந்து அதைக் கழிக்க முடியும். ஜன்னலும் கதவும் இரண்டிலும் ஒரே விதமாகத் திறந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வெப்பமானி எங்கே தொங்க வேண்டும்? கூரையருகே அன்று, தறியில் உட்கார்ந்தவரின் தலை உயரத்தில். ஆனால் சாதாரண வெப்பமானி காற்றின் சூட்டையே பெரும்பாலும் காட்டும். தாள் குறைப்பதோ அனலை. ஆகவே சாதாரண வெப்பமானியை மட்டும் நம்பினால் தாளுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். மேசைப் பந்தாட்டப் பந்து ஒன்றில் துளையிட்டு, வெளிப்புறம் மங்கலான கறுப்பு வண்ணம் பூசி, வெப்பமானியின் குமிழ் பந்தின் நடுவில் இருக்கும்படி செருகித் தொங்கவிட்டால், அது காற்றையும் அனலையும் சேர்த்து, அங்கே உட்கார்ந்த மனிதன் உணர்வதற்கு நெருங்கிய ஓர் எண்ணைக் காட்டும். செலவு சொற்பம். ஒரு கொட்டகைக்கு வெறும் வெப்பமானி ஒன்று, பந்து வெப்பமானி ஒன்று, அவ்வளவே.

தாள் எங்கெங்கே பயனற்றுப் போகிறது என்பதையும் பார்த்தவரையில் சொல்வோம். பளபளப்புக்கு எதிரே காற்று வேண்டும். குறைந்தது ஓர் அங்குலம். இடைவெளியின்றி இரு பொருள்களுக்கு நடுவே இறுக்கப்பட்ட தாள், வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும் வெறும் அலுமினியமே. ஒரு வீட்டில், தாளின் மினுமினுப்பு பட்டில் விழுந்து கண்ணைக் கூசுகிறது என்று, அதை ஒட்டினாற்போல் பழைய சேலையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கண்ணுக்கு இதம்; தாளுக்குக் கொடுத்த பணம் வீண். சேலையை ஒரு சாண் தாழ்த்திக் கட்டியிருந்தால் இரண்டும் கைகூடியிருக்கும். பளபளப்பு கீழ்நோக்கி இருப்பது முக்கியம்; மேல்நோக்கிய பக்கத்தில் தூசு சில மாதங்களில் படிந்துவிடும், அடிப்பக்கத்தில் அவ்வளவு விரைவில் படியாது. விறகடுப்புப் புகை மட்டும் எப்பக்கத்தையும் விடாது. ஆகவே சமையலும் தறியும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீட்டுக்கு இதைச் சிபாரிசு செய்யத் தயங்குகிறோம்.

கான்கிரீட் தளத்துக்கு மேலே, காரைக்கும் தட்டோட்டுக்கும் நடுவில் தாளைப் புதைப்பதில் பயன் இல்லை. அங்கே காற்றிடைவெளி ஏது? திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து தாளவாடிக்குப் போனால், தேவையே மாறுகிறது. அங்கே மார்கழி இரவில் உள்ளிருக்கும் சூடு மேலே தப்பாமல் இருக்க வேண்டும். மேல்நோக்கிச் செல்லும் வெப்பத்தைக் காற்றே ஏந்திக்கொண்டு போவதால், தாளின் தடை அங்கே வெகுவாகக் குறைந்துவிடும். பட்டுப்புழு வளர்ப்போரும் இதைக் கவனிக்க வேண்டும். முதிர்ந்த புழுவுக்கு 24 முதல் 26 டிகிரி வரையே ஏற்றது. வெளிக்காற்றே 38 டிகிரியாக இருக்கும் நாளில், கூரைத்தாள் ஒன்றால் மட்டும் அந்த நிலைக்கு இறங்க முடியாது. நனைந்த சாக்குத் திரையும் காற்றோட்டமும் தாழ்வாரமும் இல்லாமல் ஆகாது. இன்னொன்று: பின்பனிக் காலத்து விடியலில் தகரம் காற்றைவிடக் குளிர்ந்து, அடியில் நீர் கோத்துச் சொட்டும். தாளின் இணைப்பு ஓரமாகச் சேர்ந்து ஒரே இடத்தில் சொட்டினால், அந்த இடத்தில் பாவு இருக்கக் கூடாது என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய விஷயம் மின்சாரம். ஆஸ்திரேலிய அரசாங்கம் 2009-ல் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத்தடை இடும் திட்டம் ஒன்றை அவசரமாகத் தொடங்கியது. அதில் நான்கு இளம் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அவர்களுள் இருவர் அலுமினியத் தாள் பதிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தவர்கள். தாளைப் பிடிக்க அடித்த உலோக ஆணி, கீழே ஓடிய மின்கம்பியைத் துளைத்தால், தாள் முழுவதுமே மின்சாரம் ஏறிய தகடாகிவிடும். அந்த ஆண்டு நவம்பரில் உலோக ஆணிகளைத் தடை செய்தார்கள். 2010 பிப்ரவரியில் தாளையே நிறுத்தி, அதே மாதத்தில் திட்டத்தையும் முடித்தார்கள். 2014-ல் விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. நம் கொட்டகைகளில் மின்கம்பி எப்படி ஓடுகிறது என்பது நமக்குத் தெரியாததா? ரீப்பர் கட்டையோடு சேர்த்துக் கட்டிய கம்பி, தோல் உரிந்த இணைப்பு, கூரையிலிருந்து நேரே தொங்கும் விளக்கு. தாள் வாங்குவதற்கு முன் அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கம்பிகளைக் குழாயில் இட்டு ஒழுங்கு செய்வதற்கும், கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவி பொருத்துவதற்கும் ஒதுக்காத எந்தத் தீர்மானத்தையும் நாம் இனிச் சம்மதிக்கப் போவதில்லை. ஆணிக்குப் பதில் நைலான் கயிறே போதும். கல்நார் கலந்த சிமெண்ட் அட்டையாயின் அதைத் துளையிடவே வேண்டாம்; அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. குமிழ்ப் பிளாஸ்டிக் எளிதில் தீப்பற்றும் என்பதையும், நூல் அடுக்கியிருக்கும் வீட்டில் மறத்தல் ஆகாது.

செலவை ஒப்பிடும்போது இன்னொரு பழைய பொருளையும் தராசில் வைக்க வேண்டும்: சுண்ணாம்பு. கூரையின் மேற்புறம் வெண்மையாக இருந்தால், வெயிலில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமல் வந்த வழியே திரும்பிவிடுகிறது. தகரம் 60 டிகிரிக்கு ஏறினால்தானே தாளுக்கு வேலை? தகரத்தின்மேல் சுண்ணாம்பு ஒட்டாது, ஒரு மழைக்கு வழிந்துவிடும் என்பது உண்மைதான்; தகரத்துக்கு வெள்ளை வண்ணமே உகந்தது, சிமெண்ட் அட்டையிலும் ஓட்டிலும் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். எப்படியானாலும் முதலில் மேலே வெள்ளை அடித்து, ஒரு வாரம் அளந்து, அதற்குப் பின்னும் தலை காய்கிறது என்றால் தாளைப் பற்றி யோசிப்பதே முறை. தாளை முதலில் கட்டியவர்கள் பிறகு வெள்ளை அடிப்பதில்லை என்பதை நாம் கவனித்திருக்கிறோம்.

தீர்மானம் அனுப்பிய சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம் இவ்வளவையும் சொன்னோம். நம் பழைய கையெழுத்தைப் பற்றியும் சொன்னோம். ஒரு முதிய அங்கத்தினர், "அப்போ இத்தனை நாளா நாங்க சூட்டுல உக்காந்திருந்தது மட்டும் நெசமுங்க" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. நூறு வீட்டுக்கு வாங்குவதை நிறுத்தி வைத்து, இரண்டு வீடுகளில் மட்டும் சோதிக்கச் சம்மதித்தார்கள். ஒன்றில் மேலே வெள்ளை. மற்றொன்றில் வெள்ளையும் அடியில் ஓர் அங்குல இடைவெளிவிட்ட தாளும். இவ்விரண்டோடும் ஒப்பிட, எதுவும் செய்யாத மூன்றாவது கொட்டகை ஒன்றும் குறித்துவைக்கப்படுகிறது. இதுவரை தெரிந்தது இது: வெள்ளை அடித்த இரண்டிலும் காற்றின் சூடு சிறிதே குறைந்திருக்கிறது; கறுப்புப் பந்தின் எண் தெளிவாக இறங்கியிருக்கிறது. தாள் உள்ள கொட்டகையில் அது இன்னும் சற்றுக் கீழே நிற்கிறது. அந்தச் சற்று, மூன்றாண்டுத் தவணைக்குப் பெறுமா என்பதை, தாளில் ஒரு தை மாதப் புகையாவது படிந்து அடுத்த சித்திரையில் மறுபடி அளந்த பிறகே முடிவு செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குறிப்பேடு சங்க அலுவலகத்தில், பாவுப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. மற்றச் சங்கத்தார் எவரும் வேலை நாளில் வந்து பார்த்துக்கொள்ளலாம்.